கவனம் சிதறும் பிள்ளையும் களைத்துப்போன பெற்றோரும்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்த பல குடும்பங்கள் இப்போது ஊர் திரும்புகின்றன. உங்களுக்கு இது சொந்த ஊர். கனமூலையில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கோ அது புதிய இடம். கவனக் குறைபாடுள்ள பிள்ளைக்கு இந்த மாற்றம் இன்னும் கடினமானது.

இது குழப்படியா, குறைபாடா?

எல்லாப் பிள்ளைகளும் ஓடியாடும். ஆனால் ஓரிடத்தில் இருக்க முடியாமை, சொன்னதை உடனே மறத்தல், பொருட்களைத் தொலைத்தல், முறை வரும்வரை பொறுக்க முடியாமை என்பன ஆறு மாதங்களுக்கு மேல், வீட்டிலும் பாடசாலையிலும் காணப்பட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். இடப்பெயர்வின் பயமும் தூக்கமின்மையும்கூட இப்படித் தோன்றலாம். எது காரணம் என்பதை வைத்தியரே பிரித்தறிவார்.

இக்குறைபாடு மூளையின் வளர்ச்சியோடு தொடர்புடையது. நீங்கள் செல்லம் கொடுத்ததால் வந்ததல்ல; கண்ணூறுமல்ல.

அடிப்பது ஏன் பயன் தராது?

அடித்தால் பிள்ளை பயத்தில் சற்று அடங்கும். மறதியும் அவசரமும் அப்படியே இருக்கும். பதிலாக:

- அருகில் சென்று, தோளைத் தொட்டு, ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். "கொப்பியைப் பையில் வை" என்பது போதும்.
- செய்தவுடன் பாராட்டுங்கள். மாலைவரை காத்திருக்க வேண்டாம்.
- தற்காலிகக் கொட்டிலில் இருந்தாலும் சாப்பாடு, படிப்பு, தூக்கத்துக்கு ஒரே நேரத்தைப் பேணுங்கள்.
- தவறுக்குரிய விளைவு சிறியதாகவும் உடனடியாகவும் இருக்கட்டும். தண்ணீரைக் கொட்டினால் பிள்ளையே துடைக்கட்டும்.
- உம்மா, வாப்பா, உம்மம்மா எல்லோரும் ஒரே விதியைப் பின்பற்றுங்கள்.

உங்கள் மனமும் முக்கியம்

வீடு கட்டும் செலவு, காணிப் பிரச்சினை, வேலையின்மை என்பவற்றால் களைத்திருக்கும்போதே கை ஓங்குகிறது. கோபம் வந்தால் பிள்ளையைப் பாதுகாப்பான இடத்தில் விட்டு, சற்று வெளியே வந்து மூச்சை ஆறுதலாக விடுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சிறிது நேரம் பிள்ளையை ஒப்படைப்பது வெட்கமல்ல.

இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமின்மை, அழுகை, எதிலும் பற்றின்மை இருந்தால் அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள், சிகிச்சை இலவசம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

புறப்படும் முன்

- கிளினிக் கொப்பி, வைத்தியரின் கடிதம், பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள்.
- பிள்ளை மருந்து பாவித்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். புதிய இடத்தில் எங்கே பெறலாம் என இப்போதே வைத்தியரிடம் கேளுங்கள்.
- புதிய வகுப்பாசிரியரிடமும் மத்ரஸா உஸ்தாதிடமும் முதல் நாளே பிள்ளையைப் பற்றிச் சொல்லி, முன்வரிசையில் இருத்தும்படி கேளுங்கள்.

தேசிய மனநல உதவித் தொலைபேசி: 1926
சிறுவர் உதவித் தொலைபேசி: 1929