மகாசபையில் ஆண்டறிக்கையை எடுத்துரைக்கும் முறை

ஆண்டுதோறும் நமது சங்கங்களில் மகாசபை கூடுகிறது. வரவேற்புரையும் பொன்னாடையும் பிரமுகர்களின் பாராட்டுரைகளும் முடிந்த பின்னர்க் காரியதரிசி எழுந்து அறிக்கையை வாசிக்கத் தொடங்குகிறார். பொன்னாடை போர்த்தும் வழக்கத்தை நெசவாளர் சங்கங்களிடம் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. அதனாலாவது நான்கு துணிகள் செலவாகின்றன. ஆயினும் அறிக்கை வாசிக்கும் வேளையில் கூட்டத்தின் நிலை என்ன? வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டோரில் ஒரு பகுதியினர் வாயிற்படியில் நிற்கின்றனர். உள்ளே இருப்போர் சிற்றுண்டிப் பொட்டலத்தை எதிர்நோக்கியிருக்கின்றனர். வாசிப்பு முடிந்ததும், "ஏகமனதாக அங்கீகரிக்கப்பட்டது" என்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிவிடுகிறோம்.

இதற்கு அங்கத்தினர்களின் அக்கறையின்மையே காரணம் என்று நிர்வாகிகள் சொல்வதுண்டு. நாம் அதை ஒப்புவதற்கில்லை. நூல் விலை ஏறினால் தறிக்காரர் அன்றே அறிகிறார். பருத்தி விலை இறங்கினால் விவசாயிக்கு அன்றிரவு உறக்கமில்லை. தம் காரியத்தில் இவ்வளவு கருத்துடையோர் தம் சங்கத்தின் கணக்கில் மட்டும் கருத்தற்றுப் போவானேன்? அவர்களுக்கு விளங்கும் வகையில் அக்கணக்கு சொல்லப்படவில்லை என்பதே காரணம். 1844-ல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 28 பேர் கூடிச் சங்கம் தொடங்கினர். அவர்களுள் நெசவாளர் பலர். பங்கு எத்தனையாயினும் ஆளுக்கு ஒரு வாக்கே என்று அவர்கள் கைக்கொண்ட நெறியே இன்றும் நமது நெறி. விஷயம் விளங்காமல் உயர்த்தப்படும் கைக்கு வாக்கென்று பெயர் சொல்வது எப்படி?

இது வெறும் சொல்லழகு பற்றிய பேச்சன்று. நாம் அறிந்த ஒரு கைத்தறிச் சங்கத்தில் அறிக்கை நாற்பது நிமிடம் வாசிக்கப்பட்டது. ஐந்தொகையில் சரக்கிருப்பு முந்திய ஆண்டைவிட மிகுந்திருந்தது. அது சொத்துக்களின் பக்கத்தில் காட்டப்பட்டிருந்தமையால், சங்கம் வளர்ந்துவிட்டது என்று அங்கத்தினர்கள் கருதினர். கூலியை உயர்த்த வேண்டும் என்று கேட்டு, கைதட்டிக் கலைந்தனர். அச்சரக்கு விற்காமல் தேங்கிய சேலைகள் என்று ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. பழைய சரக்கின் பேரில் வங்கி மேலும் கடன் தர மறுத்தது. நூல் வாங்கப் பணமின்றி, அடுத்த ஆண்டில் பல வீடுகளில் பாவில்லாமல் தறிகள் நின்றன. அறிக்கையில் பொய் ஏதும் இல்லை. ஆனால் மெய்யும் ஒருவர் காதிலும் விழவில்லை.

அதே செய்தியை வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம். காரியதரிசி இருபது தார்களை மேஜையின் மேல் வைத்துக்கொள்ளட்டும். ஒரு சேலை 1,000 ரூபாய்க்கு விற்கிறது என்றும், ஒவ்வொரு தாரும் 50 ரூபாய் என்றும் கொள்வோம். நூலுக்கென்று 7 தார்களை எடுத்து ஒருபுறம் வைக்கிறார். சாயத்துக்கு 1. நெசவுக் கூலிக்கு 8. சம்பளம், வாடகை, வண்டிக்கூலி முதலியவற்றுக்கு 3. மேஜையில் எஞ்சுவது ஒரே ஒரு தார். இனி அச்சேலை விற்காமல் ஆறு மாதம் கிடங்கில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் முடங்கிய 950 ரூபாய்க்கு, நூற்றுக்குப் பத்து வட்டியானால், ஆறு மாத வட்டி 47 ரூபாய் 50 பைசா. கடைசித் தாரையும் அவர் எடுத்துவிடுகிறார். மேஜை வெறுமையாகிறது. இதைக் கண்ட நெசவாளிக்குச் சரக்குத் தேக்கம் என்றால் என்னவென்று மறுமுறை சொல்ல வேண்டுவதில்லை. எந்த ரகம் போகவில்லை, ஏன் அதையே நெய்யச் சொன்னீர்கள் என்று அவரே கேட்பார். (இங்கே கூறிய தொகைகள் உதாரணத்திற்கே, ஒவ்வொரு சங்கமும் தன் கணக்கையே எடுத்துக்கொள்ள வேண்டும்.)

கண்ணால் காண்பதன் வலிமை காந்தியடிகள் நன்கறிந்தது. கதர் விலை அதிகம், ஏழைகள் அதை வாங்க இயலாது என்ற வாதத்துக்கு அவர் 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அரையாடை உடுத்தி விடையளித்தார்.

பயிர்த்தொழில் சங்கங்களுக்கும் இம்முறை பொருந்தும். பருத்தி விற்பனைக்குக் கொண்டுவருவோரிடம் தரத்தைப் பற்றி உபதேசம் செய்வதை விட, சருகு கலந்த பருத்தியையும் சுத்தமான பருத்தியையும் இரு தட்டுகளில் வைத்து, ஒவ்வொன்றும் ஏலத்தில் பெற்ற விலையைச் சீட்டில் எழுதி ஒட்டிவிடுவது மேல். கொட்டை நீக்கினால் பஞ்சாகக் கிடைப்பது எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே என்பதையும் தராசிலேயே காட்டலாம். பயிர்க்கடனைப் பற்றிப் பேசுகையில், "தவணை கடந்த பாக்கி நூற்றுக்கு இவ்வளவு" என்பது எவரையும் தொடாது. தமிழ்நாட்டில் உரிய நாளுக்குள் பயிர்க்கடனைத் திருப்பிக் கட்டுவோருக்கு வட்டி இல்லை. நாள் தவறினால் அச்சலுகை போய்விடும். ஆகவே அந்த நாளைச் சொல்லுங்கள். 50,000 ரூபாய் வாங்கியவர் அதைத் தவறவிட்டால் எவ்வளவு வட்டி கட்ட நேரும் என்று ரூபாயில் சொல்லுங்கள்.

இக்காலத்தில் சில சங்கங்கள் புரொஜெக்டர் வைத்துத் திரையில் அறிக்கையைக் காட்டுகின்றன. நல்லதே. ஆனால் ஐந்தொகை முழுவதையும் எறும்புச் சாரை போன்ற எழுத்தில் காட்டி, சபைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு அதையே படிப்பதில் பயன் என்ன? திரையில் ஒரு வேளைக்கு ஓர் எண் போதும். அறிக்கை அச்சிட்டுக் கையில் தரப்பட்டிருந்தால் அதை வரிவரியாக வாசிக்கவும் வேண்டுவதில்லை. சபையாரின் முகம் பார்த்துப் பதினைந்து நிமிடம் பேசினால் போதும்.

பேசுவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாக, நிர்வாகக் குழுவில் இல்லாத ஓர் அங்கத்தினரை, இயன்றால் கூட்டங்களில் பின்வரிசையில் அமரும் பெண்களில் ஒருவரை அழைத்து, சொல்லவிருப்பதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். "அப்படியென்றால் என்ன?" என்று அவர் கேட்கும் ஒவ்வொரு சொல்லையும் மாற்றிவிடுங்கள். தேய்மானம், ஒதுக்கு நிதி போன்ற சொற்களை விலக்க முடியாது. எனவே பொருளைச் சொல்லிவிட்டுப் பிறகு பெயரைச் சொல்ல வேண்டும்.

நஷ்டம் இருந்தால் அதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பது நமது உறுதியான கருத்து. பன்னிரண்டாம் பக்கத்தில் மறைத்துவைத்த நஷ்டம் தேநீர்க்கடையில் இரு மடங்காகிப் பேசப்படும். "இவ்வளவு இழந்தோம், காரணம் இது, இனிச் செய்ய நினைப்பது இது" என்று தலைவரே கூறும் சபையில், சினங்கொண்டு வந்தவரும் யோசனை சொல்லத் தொடங்குவதை நாம் கண்டிருக்கிறோம்.

கேள்விகளுக்கென்று அரைமணி நேரமாவது ஒதுக்க வேண்டும். அதுவும் சிற்றுண்டிக்கு முன்னர். முதல் கேள்வி எழச் சிறிது நேரமாகும். அந்த மௌனத்தைக் கண்டு பதறி நன்றியுரைக்குத் தாவிவிடலாகாது. கேட்டவர் பெயரையும் கேள்வியையும் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிக்கொள்க. அன்றைக்கு விடை தெரியாதவற்றை விசாரித்து எழுதி, ஒரு மாதத்துக்குள் சங்க அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுக.