ஊர்க் கூத்தை உலகம் பார்க்க என்ன செலவு?

காஞ்சீபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூர்ப் பக்கம் உள்ள கிராமம் காவாந்தண்டலம்.

அங்கே திருவிழா நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு 10 மணிக்குத் தெருக்கூத்து ஆரம்பம். விடிய விடிய ஆட்டம். காலை 6 மணிக்குத்தான் முடியும். கட்டியக்காரன் வந்து நிற்கிறான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது.

ஒரு தாய் மட்டும் சிரிக்கவில்லை. அவள் மகன் துபாயில் வேலை பார்க்கிறான். "போன வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். இந்த வருஷம் அவனுக்குக் கொடுத்து வைக்கவில்லையே!" என்கிறாள்.

"கவலைப்படாதே, பெரியம்மா! நாமே ஒரு இணையதளம் வைப்போம். இங்கே நடப்பதை அவன் அங்கே இருந்தே பார்க்கட்டும்" என்கிறான் பக்கத்து வீட்டு இளைஞன்.

"அதற்குப் பணம் யார் கொடுப்பது?"

நல்ல கேள்வி! இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் இறங்கினால் என்ன ஆகும்? சென்னையில் நடந்த ஒரு பழைய கதையைக் கேளுங்கள்.

40 வாட்ஸ் வானொலி

1924-ம் ஆண்டு. அகில இந்திய வானொலி என்ற பெயரே அப்போது கிடையாது. சி.வி.கிருஷ்ணசாமி செட்டி என்பவரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து "சென்னை மாகாண ரேடியோ கிளப்" என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள்.

அந்த ஆண்டு ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்புத் தொடங்கியது. கருவியின் சக்தி எவ்வளவு தெரியுமா? வெறும் 40 வாட்ஸ்! வீட்டில் எரியும் ஒரு சிறிய குண்டு பல்பின் சக்திதான். பிறகு 200 வாட்ஸ் கருவி வந்தது.

ஆர்வம் இருந்தது. கருவி இருந்தது. பணம்தான் இல்லை. பணமுடை தாங்காமல் 1927 அக்டோபரில் சங்கம் ஒலிபரப்பை நிறுத்திவிட்டது.

கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் 1-ந் தேதி முதல் ஒலிபரப்பை நடத்தியது. கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்து ஜனங்கள் கேட்டார்கள். 1938 ஜூன் 16-ந் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும் வரை அது நடந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கருவி வாங்குவது ஒருநாள் செலவு. அதை நடத்துவது மாதாமாதம் செலவு. பல நல்ல காரியங்கள் முதல் செலவில் விழுவதில்லை. இரண்டாவது செலவில்தான் விழுகின்றன.

பந்திக் கணக்கு

இணையத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு.

வானொலி என்பது ஒலிபெருக்கி மாதிரி. பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் ஒலிபரப்புகிறவருக்குச் செலவு ஒன்றுதான். இணையம் அப்படி அல்ல. அது கல்யாணப் பந்தி மாதிரி. வருகிற ஒவ்வொருவருக்கும் தனி இலை போட வேண்டும். கூட்டம் கூடினால் செலவும் கூடும்.

இலை போடுகிற இடத்துக்கு "சர்வர்" என்று பெயர். அது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டர். வாடகைக்குக் கிடைக்கும். மாதம் இவ்வளவு டேட்டா என்று பெரும்பாலும் அளவு வைத்துத்தான் கொடுப்பார்கள். அதைத் தாண்டினால் தனிக் கட்டணம் கேட்பவர்களும் உண்டு.

இப்போது கணக்குப் போடுவோம்.

படம் இல்லாமல் ஒலியை மட்டும் அனுப்பினால், ஓரளவு நல்ல தரத்தில், ஓர் ஆளுக்கு ஒரு மணிக்கு 29 எம்.பி. ஆகும். 100 பேர் 8 மணி நேரம் கேட்டால் சுமார் 23 ஜி.பி.

படத்தோடு அனுப்பினால், சுமாரான தரத்துக்கே, ஓர் ஆளுக்கு ஒரு மணிக்கு 450 எம்.பி. ஆகும். 100 பேர் 8 மணி நேரம் பார்த்தால் 360 ஜி.பி.!

ஒன்றுக்குப் பதினைந்து மடங்கு! வித்தியாசத்தைப் பார்த்தீர்களா?

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஊரிலிருந்து சர்வருக்குப் போவது ஒரே ஒரு பிரதிதான். அதை நூறாக்குவது சர்வரின் வேலை. ஆகையால் ஊரில் பெரிய இணைப்புத் தேவை இல்லை. தடங்கல் இல்லாத இணைப்பு இருந்தால் போதும்.

சிக்கனமான வழிகள்

முதல் வழி: தினசரி நிகழ்ச்சிக்கு ஒலி மட்டும் போதும். பாட்டியின் கதை, வயல் செய்தி, பள்ளிப் பிள்ளைகளின் பேச்சு, இவற்றுக்குப் படம் எதற்கு? படத்தைத் திருவிழா நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி: பெரிய கூட்டம் வரும் நாளில் யூடியூப் போன்ற பெரிய கம்பெனியின் பந்தலைப் பயன்படுத்தலாம். இலைச் செலவு அவர்களுடையது. ஆனால் பந்தல் அவர்களுடையது என்பதை மறக்கக் கூடாது. விதி அவர்கள் விதி. விளம்பரம் அவர்கள் விளம்பரம். நடுவே ஒரு சினிமாப் பாட்டு ஒலித்தால், உரிமைக்காரர் ஆட்சேபித்து ஒளிபரப்பே நின்றுபோகலாம்.

மூன்றாவது வழி: பார்ப்பவர்களே பங்கிட்டுக்கொள்வது. பிரான்சில் பிராமாசாப்ட் என்ற லாப நோக்கமற்ற சங்கம், பொதுமக்களிடம் நன்கொடை வாங்கி, "பியர்டியூப்" என்ற மென்பொருளை 2018-ல் முழுமையாக வெளியிட்டது. அதை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரே படத்தைப் பலர் பார்க்கும்போது, ஒருவர் கருவியில் வந்த துண்டு அடுத்தவருக்கும் போகும். பந்தியில் சாப்பிட்டவரே அடுத்தவருக்குப் பரிமாறுவது மாதிரி! சர்வருக்குப் பாரம் குறையும்.

நான்காவது வழி: பழைய நிகழ்ச்சிகளை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற பொது நூலகத்தில் சேர்த்துவைக்கலாம். 1996-ல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த நிறுவனம் கட்டணம் கேட்பதில்லை. ஆனாலும் ஊரில் இரண்டு பேர் வீட்டில் தனித்தனிப் பிரதி இருக்க வேண்டும். இரவல் பெட்டியை மட்டும் நம்பி நகையை வைக்கலாமா?

ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. கூத்துக் கலைஞர்களிடம் சம்மதம் கேட்க வேண்டும். இரவெல்லாம் ஆடுகிறவர்களுக்கு உரிய பணத்தைக் கொடுக்க வேண்டும். உலகமே பார்க்கிறது என்று சொல்லி அவர்கள் வயிற்றில் அடிக்கக் கூடாது.

மாதம் 20 ரூபாய்

சர்வர் வாடகை மாதம் 500 ரூபாய். இணைய இணைப்பு 500 ரூபாய். இணையதளப் பெயருக்கு வருஷக் கட்டணத்தை மாதமாக்கினால் 100 ரூபாய். ஆக 1,100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

60 வீடுகள் ஆளுக்கு 20 ரூபாய் கொடுத்தால் 1,200 ரூபாய். மீதி 100 ரூபாயைத் தொடாமல் சேர்த்துவைத்தால், மைக் பழுதானால் உதவும். ஒரு பணக்காரர் மொத்தமாகக் கொடுத்தால் சுலபம்தான். ஆனால் அவர் ஒரு நாள் கையை விரித்தால் என்ன செய்வது? ஒரு தூணில் நிற்பதைவிட அறுபது தூணில் நிற்பது மேல்.

நேயர் பணத்தில் நடக்க முடியுமா என்று சந்தேகமா? அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் "சோமா எப்.எம்." என்ற இணைய வானொலியை ரஸ்டி ஹாட்ஜ் என்பவர் 2000-ல் ஆரம்பித்தார். விளம்பரம் கிடையாது. கேட்பவர்கள் கொடுக்கும் நன்கொடைதான் வருமானம். 2002-ல் பாட்டுகளுக்கான உரிமைக் கட்டணம் தாங்க முடியாமல் சில மாதங்கள் நின்றது. பிறகு மீண்டும் எழுந்து நடந்தது.

கல்லில் எழுதிய கணக்கு

ஜனங்கள் கொடுப்பார்கள். ஆனால் கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். கேட்கவும் வேண்டும்.

இதற்கு வழி தேடி வெளிநாடு போக வேண்டாம். உத்திரமேரூருக்குப் போனால் போதும். அங்கே முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முற்பட்டது. குடத்தில் ஓலை போட்டு ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறையை அது சொல்கிறது.

யார் வாரியத்துக்கு வரக் கூடாது என்றும் சொல்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் வரக் கூடாது!

அந்த விதியை இன்றைக்கும் வைத்துக்கொள்ளலாம். மாதம் முதல் தேதியில் வரவும் செலவும் எழுதி, கோயில் சுவரிலும் இணையதளத்திலும் ஒட்ட வேண்டும். 20 ரூபாய் கொடுத்த கூலித் தொழிலாளியும் அதைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும்.

சென்னை ரேடியோ கிளப்புக்கு ஆர்வம் குறைவாக இல்லை. மாதா மாதம் தாங்கும் கைகள்தான் போதவில்லை. கைகள் அறுபது சேர்ந்து, கணக்கும் வெளிச்சத்தில் இருந்தால், அடுத்த திருவிழாவுக்குள் வழி பிறக்கும்.

அப்போது கட்டியக்காரன் ஒரு வேடிக்கை சொல்வான். காவாந்தண்டலத்தில் தாய் சிரிப்பாள். துபாயில் மகனும் சிரிப்பான்!