மரப்பட்டையில் கறுப்புக் கோடுகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் பட்டை வழவழப்பாக உள்ள மரம் ஒன்றை நெருங்கிப் பாருங்கள். சாம்பல் வெள்ளைத் திட்டின் மேல் பேனாவால் கிறுக்கியது போலக் கறுப்புக் கோடுகள் தெரியும். சில நேராக ஓடும், சில வளையும், சில நட்சத்திரமாகக் கிளைக்கும். இதுதான் கிராஃபிஸ் லைக்கன்; பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுயிர். ஐரோப்பாவில் வளரும் இதன் உறவு ஒன்றுக்கு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1753-லேயே பெயர் வைத்துவிட்டார். ஆனால் கிராஃபிஸ் அடங்கிய குடும்பம் செழித்துப் பெருகியிருப்பது வெப்பமண்டலத்தில்தான். இதில் 2,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. 2014-இல் ஒரே ஆய்வுக்கட்டுரை 175 புதிய இனங்களை அறிமுகப்படுத்தியது.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பார்த்தால், அது வெறும் கோடாக இருக்காது. கரி போல இறுகிய இரண்டு உதடுகள், நடுவே ஒரு பிளவு. பூஞ்சை வித்துகளை உருவாக்கும் இடம் இது. உள்ளே நுண்ணிய பைகள் வரிசையாக நிற்கின்றன; வித்துகள் முதிர்ந்ததும் பிளவின் வழியே காற்றில் தெறிக்கின்றன.

திட்டை நகத்தால் லேசாகக் கீறினால் பச்சையோ மஞ்சளோ கலந்த அடுக்கு வெளிப்படும். அது டிரென்டிபோலியா என்னும் பாசி. வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரிப்பது அதன் வேலை; பூஞ்சை அதற்கு வீடு தருகிறது. தனியாக வளரும்போது இதே பாசி ஈர மரங்களிலும் சுவர்களிலும் செம்மஞ்சளாகப் படரும். பறந்து போகும் வித்தில் பூஞ்சை மட்டுமே இருக்கிறது, பாசி இல்லை. விழுந்த பட்டையில் ஏற்ற பாசி கிடைத்தால்தான் புது லைக்கன் உருவாகும். வித்திலிருந்து வரும் ஒவ்வொரு தலைமுறையும் இந்தச் சந்திப்பை நம்பியே பிழைக்கிறது என்பது எனக்கு இன்றும் பெரிய வியப்பு.

பாக்கு மரத்திலும் பலா மரத்திலும் இந்த வெள்ளைத் திட்டுகளைப் பார்த்து நோய் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பயம் வேண்டாம். லைக்கன் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. அதற்கு வேண்டியது ஒட்டிக்கொள்ள இடம் மட்டுமே. சமையலில் சேர்க்கும் கல்பாசி என்னும் லைக்கனை உரித்தெடுப்பது போல இதை உரித்தெடுக்கவும் முடியாது. ஆய்வுக்கு வேண்டுமென்றால் பட்டையோடு சேர்த்துச் சீவித்தான் எடுக்கிறார்கள்.

கோட்டின் வடிவத்தை மட்டும் வைத்து இனத்தைச் சொல்லிவிட முடியாது. உதட்டில் வரிப்பள்ளம் இருக்கிறதா, வித்துக்குள் எத்தனை அறைகள், அயோடின் பட்டால் நிறம் மாறுகிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். வாழும் இடமும் இனத்துக்கு இனம் மாறும். தோட்டத்து நிழல்மரங்களில்கூடச் சில கிராஃபிஸ் இனங்கள் தாராளமாக வளர்கின்றன. ஆனால் இதே குடும்பத்தில் கோட்டுக்குப் பதில் சிறு துளை வாய் கொண்ட பல இனங்களுக்கு, குலையாத பழங்காட்டின் நிழலும் ஈரமும் வேண்டும். காட்டை அழித்தால் முதலில் போவது அவைதான்.