முதல் ஆஞ்சியோவுக்கு முன்

இதய ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமை முதல்முறை செய்துகொள்வதற்கான ஆயத்தம் ரத்தப் பரிசோதனையில் தொடங்குகிறது. முக்கியமானது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின்; ஏனென்றால் ரத்தக்குழாயில் செலுத்தும் சாயத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அது தளர்ந்திருந்தால் சாயத்தைக் குறைத்து, சலைன் ஏற்றுவார்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினையும் நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் அதைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கலாம். ஆஸ்பிரினைப் பொதுவாக நிறுத்துவதில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு தாமாகவே விட்டுவிடுவோர் உண்டு என்பதால், மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துச் சென்று காட்டுவது நல்லது.

திட உணவை ஆறு மணி நேரம் முன்பே நிறுத்துவது வழக்கம். மணிக்கட்டு வழியாகக் குழாயைச் செலுத்துவது சரிப்படாமல் போகலாம் என்று தொடை இடுக்கிலும் மழித்துவிடுவார்கள். முழு மயக்கம் கிடையாது. குத்தும் இடம் மட்டும் மரத்துப்போகும். உள்ளே செலுத்தும் குழாயின் தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர். சாயம் பாயும்போது உடம்பில் திடீரென்று சூடு பரவலாம். முன்பே கேட்டறிந்தவர் அசையாமல் கிடப்பார், மற்றவர் பதறிப்போவார்.

குறை மிகுந்திருப்பது ஒப்புதல் படிவத்தில்தான். பல இடங்களில் நோயாளி ஸ்ட்ரெச்சரில் ஏறிய பிறகே, ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள் மகனிடமோ மருமகனிடமோ நீட்டப்படுகிறது. “அப்பாகிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவார்” என்று குடும்பமே தடுப்பதும் உண்டு. அது அன்புதான், ஆனாலும் தெளிந்த அறிவோடு இருப்பவரின் உடம்புக்கு இன்னொருவர் கையெழுத்து சம்மதமாகாது.

அடைப்பு தெரிந்தால் உடனே ஸ்டென்ட் வைக்கவும் அதே தாளில் சம்மதம் வாங்கப்படுவதுண்டு. நோயறியும் பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது, உயிர் காக்கும் அவசரம் மட்டுமே விலக்கு என்று இந்தியாவில் 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று தெளிவாக்கியது. இரண்டுக்கும் முன்கூட்டியே சேர்த்து வாங்கலாம்; ஆனால் நோயாளிக்குப் புரிந்திருக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாதிருக்க இரண்டு மாத்திரைகளை மாதக்கணக்கில், பலர் ஓராண்டு வரை, விடாமல் சாப்பிட வேண்டும். இடையில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். குடலிறக்க ஆபரேஷனுக்கு நாள் குறித்தவரும், வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிந்தவரும் இதை முன்பே தெரிந்துகொண்டாக வேண்டும். பல ரத்தக்குழாய்களில் அடைப்பிருந்தால் பைபாஸே பொருத்தமாக இருக்கலாம். மேசையில் கிடந்தபடி எடுக்கும் முடிவல்ல அது.

ஒரே அமர்வில் முடித்தால் இரண்டாம் முறை குத்துவதும் செலவும் மிச்சம் என்பார்கள் மருத்துவர்கள். மாரடைப்பின்போது அது சரியே. அவசரமில்லாதவருக்கு, முந்தைய நாளே தமிழில், அவரிடமே, உட்கார்ந்து பேச வேண்டும்: எதற்காகப் பரிசோதனை, என்ன ஆபத்து, அடைப்பு இருந்தால் அன்றே ஸ்டென்டா, வீட்டுக்குப் போய் யோசித்த பிறகா. யோசிக்க விரும்புபவர் படப்பதிவு சிடியையும் ரிப்போர்ட்டையும் வாங்கிக்கொண்டால் வேறொரு மருத்துவரிடமும் காட்டிக் கேட்கலாம்.