மடக்குக் கத்தியும் அதன் புதுப் பிடியும்

சட்டைப்பையில் அடங்கும் மடக்குக் கத்தி சிறியதொரு கருவியே. ஆயினும் எழுதுகோல் சீவுதல், கனி அரிதல், கயிறு அறுத்தல் முதலிய பல தொழில்களுக்கும் அது துணை நிற்கின்றது. அதன் அலகு எஃகினாலாயது, நெடுநாள் உழைப்பது. பிடியோ அத்தகையதன்று. கீழே விழுந்தாற் பிளக்கும், வியர்வை படிந்து கறுக்கும், ஈரத்தால் வீங்கும். பிடி கெட்டவுடன் கத்தியையே எறிந்துவிடுவார் பலர். நல்ல அலகு இருக்கவும் பிடியின்பொருட்டுக் கத்தியை இழத்தல் அறிவுடைமையாகாது. ஆதலின், பழைய கத்திக்குப் புதுப்பிடி இடும் முறையையும், அதற்கேற்ற பொருள் யாது என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மடக்குக் கத்தியின் பிடி பெரும்பாலும் இருவகைப்படும். முதலாவது, ஒரே மரத்துண்டின் நடுவே பிளவு அறுத்து, அலகு அதனுள் மடங்குமாறு செய்வது. பிரான்சு தேசத்துச் சவாய் நாட்டில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் என்பார் ஆக்கிய கத்தி இவ்வகையைச் சார்ந்தது. இரண்டாவது, உலோகத்தாலாய உள்தகடுகளின் இருபுறமும் மேற்றகடுகள் இரண்டைப் பொருத்துவது. பொருளை மாற்றுதற்கு இவ்விரண்டாம் வகையே மிகவும் ஏற்றது.

பிடியின் பொருள் காலந்தோறும் மாறிவந்தமைக்குச் சுவிட்சர்லாந்துப் படைவீரரின் கத்தி நல்ல சான்று. 1890-ஆம் ஆண்டின் அமைப்பில் அதற்கு மரப்பிடி இருந்தது. மரம் பிளந்தமையால், 1908-ஆம் ஆண்டின் அமைப்பில் பதப்படுத்திய நார்த்தகடு அதன் இடத்தைப் பெற்றது. 1961-ஆம் ஆண்டின் அமைப்பில் அலுமினியம் வந்தது. அலகின் தொழில் மாறவில்லை. கை பற்றும் பொருளே மாறியது.

இனிப் பொருள்களை நோக்குவோம். நம் பழந்தமிழில் ‘கோடு’ என்னும் ஒரு சொல் விலங்கின் கொம்பு, யானையின் மருப்பு, மரத்தின் கிளை, சங்கு ஆகிய நான்கினையும் குறிக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திக் கம்மியர் முற்காலத்திற் கையாண்ட பொருள்களும் மான்கொம்பு, யானைமருப்பு, கருங்காலி முதலிய மரம், சங்கிற்கு இனமான முத்துச்சிப்பி என்பனவே. இவற்றோடு மாட்டெலும்பும் வழங்கிற்று. மான்கொம்பினுள்ளும் இந்தியாவிலிருந்து சென்ற கடமான் கொம்பை அவர்கள் பெரிதும் விரும்பினர். உள்ளே சோறு குறைந்து கெட்டியாய் இருத்தலும், சொரசொரப்பான புறத்தோல் கைக்கு வழுக்காமையும் அதன் சிறப்புக்கள்.

ஆயின் இன்று நாம் அவ்வழியே செல்லுதல் இயலாது, செல்லுதலும் தகாது. மருப்பு யானை உதிர்ப்பதன்று. அதன்பொருட்டு எண்ணிறந்த யானைகள் மாண்டன. 1989-இல் உலக நாடுகள் கூடி, மருப்பின் பன்னாட்டு வாணிகத்தைத் தடுக்கத் துணிந்தன. மான் தன் கொம்பைத் தானே உதிர்க்கும் என்பது மெய்யே. எனினும், உதிர்ந்த கொம்பிற்கு விலை உண்டாயின், உதிராத கொம்பிற்கும் வேட்டையாளன் வருவான். நம் நாட்டின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அவ்வாணிகம் குற்றமாகும். படைப்பினைப் பேணும் பொறுப்பு மனிதனிடம் ஒப்புவிக்கப்பட்டது என்று நம் திருமறை கற்பிக்கின்றது. ஒரு விரல் நீளமுள்ள பிடிக்காக அப்பொறுப்பைக் கைவிடலாமோ?

செயற்கைப் பொருள்களுள் முந்தியது செல்லுலாயிடு. பில்லியர்ட்ஸ் பந்துக்கு யானைமருப்பிற்கு மாற்றுத் தேடிய அமெரிக்கரான ஜான் வெஸ்லி ஹையாட் என்பார் ஏறத்தாழ 1870-இல் அதனை உருவாக்கினார். அது அழகியது, ஆனால் எளிதில் தீப்பற்றுவது. முதிர்ந்து சிதையுங்கால் அதினின்று எழும் ஆவி அலகையே துருப்பிடிக்கச் செய்யும். பழங்கத்தியில் அத்தகைய பிடி இருப்பின் விரைவில் நீக்குதல் நன்று. 1910-ஐ ஒட்டி வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தார் மின்காப்பிற்காக ஆக்கிய மைக்கார்ட்டா என்பது, துணியையோ தாளையோ பிசினில் தோய்த்து அடுக்கி அழுத்தியது. அது ஈரத்தால் வீங்காது. நனைந்த கைக்கும் நழுவாது. உழைக்கும் கத்திக்கு அது மிகப் பொருத்தமானது.

நம்மவர்க்கு எளிதிற் கிடைப்பது மரம். ஈட்டி, கருங்காலி, தேக்கு என்பவற்றின் கழிவுத்துண்டு தச்சர் பட்டறையில் கிடைக்கும். பழைய வீடுகளை இடிக்குங்கால் எறியப்படும் பனங்கையும் பயன்படும். கரிய நார்க்கோடுகள் ஓடும் அதன் வைரம் பார்வைக்கு இனியது. நார் பிரியாமற் பிசின் ஊட்டிக்கொள்ளுதல் வேண்டும்.

செய்முறை வருமாறு. பரவலாக வழங்கும் 91 மில்லிமீட்டர் நீளமுள்ள சுவிஸ் கத்தியை எடுத்துக்கொள்வோம். அலகுகளையெல்லாம் மடக்கித் துணியாற் சுற்றிக் கட்டுக. மெல்லிய தகடொன்றை இடுக்கிலே செலுத்திப் பழைய மேற்றகட்டை மெதுவாக நெம்பி எடுக்க. அதுவே புதியதற்கு மாதிரி. மரத்தை அம்மாதிரியினும் சிறிது பெரிதாக அறுக்க. உள்தகட்டில் துருத்தி நிற்கும் தறையாணிகளின் தலையில் மை தடவி, மரத்தை அழுத்தினால் குழி இடவேண்டிய இடம் தானே பதியும். அக்குழிகள் மறுபுறம் ஊடுருவலாகாது. எண்ணெய்ப்பசையுள்ள மரமாயின் சாராயத்தால் துடைத்தபின், இருகூறு கலந்த எப்பாக்சிப் பசையை மெல்லெனப் பூசி ஒட்டுக. பசை அலகின் மூட்டுக்குள் வழிந்தால் கத்தி திறவாது. இதில் மிக்க கவனம் வேண்டும். ஒருநாள் முழுதும் இறுக்கி வைத்து, அரத்தால் விளிம்பு திருத்தி, 120 முதல் 600 எண் வரையுள்ள உப்புத்தாளால் முறையே தேய்க்க. இறுதியில் ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் பூசுக. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வைத்தால் தானே தீப்பற்றக்கூடும், விரித்து உலர்த்துக. எலும்பு, சிப்பி, கருங்காலி இவற்றின் தூள் சுவாசப்பைக்குத் தீங்கு விளைவிக்கும். முகமூடியின்றித் தேய்த்தல் ஆகாது.

புதுப்பிடி இடுவார் பலர் கண்ணுக்கினிய பொருளையே முதலில் தேடுகின்றனர். கைக்கு இயைவதும், தொழிலுக்குத் தாங்குவதும், பிறிதோர் உயிருக்கு ஊறு செய்யாததும் ஆகிய பொருளே சிறந்தது என்பது நம் துணிபு. அம்மூன்றும் பொருந்திய பின்னர் அழகையும் நாடுதல் குற்றமன்று. அங்ஙனம் அமைத்த கத்தி, எறியப்படவேண்டியதாய் இருந்தும், இன்னொரு தலைமுறையின் கையிலும் இருந்து உழைக்கும்.