கூலன்ற் குறைகிறதா? மோட்டார் சைக்கிளின் சிறு ஒழுக்குகளை வீட்டில் சரிசெய்வது

ஊரில் எங்களுக்குத் தெரிந்த மோட்டார் சைக்கிள்களில் ரேடியேற்றர் என்ற சாமானே இருந்ததில்லை. ஹொண்டா எம்.டி. 90, சி.டி. 125, பின்னர் வந்த ஹீரோ ஹொண்டா எல்லாம் காற்றால் குளிர்பவை. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் விட்டு ஓடியபோதும் புகையைப் பற்றித்தான் பேசினோம், கூலன்றைப் பற்றிப் பேச எதுவும் இருக்கவில்லை. அதனால்தான், இங்கே பிள்ளைகள் வாங்கி வரும் யமஹா எம்.டி. 07, கவாசாகி நிஞ்சா 400 போன்றவற்றின் கீழே பச்சையாகவோ நீலமாகவோ ஒரு சொட்டைக் கண்டதும் எங்களவர் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பயந்து நேரே கராஜுக்கு ஏற்றிப் போகிறார்கள், அல்லது குழாய்த் தண்ணீரை ஊற்றி மூடிவிட்டு மறந்துவிடுகிறார்கள். முதலாவது பல நேரங்களில் தேவையற்ற செலவு. இரண்டாவது எஞ்சினையே தின்னக்கூடிய செலவு.

எங்கள் வீட்டில் இப்படி இரண்டு பைக்குகள் நிற்கின்றன. தகப்பனும் மகனுமாக நாங்களே அவற்றைப் பார்த்துக்கொள்கிறோம். மெக்கானிக் படிப்பு எங்களிடம் இல்லை, வணிகப் பட்டமும் கணக்கெழுதும் தொழிலுமே இருக்கின்றன. ஆனால் இந்த வேலைக்குக் கணக்கறிவு உதவுகிறது. காசுப் பெட்டியில் பத்து டொலர் குறைந்தால் அது எங்கோ போயிருக்க வேண்டும். கூலன்றும் அப்படித்தான். மூடிய சுற்றில் ஓடும் அந்தத் திரவம் குறைந்தால், போகக்கூடிய வழிகள் மூன்று. வெளியே நிலத்தில் சொட்டலாம், உள்ளே எஞ்சின் ஒயிலுடன் கலக்கலாம், அல்லது சிலிண்டருக்குள் போய்ப் புகையாக வெளியேறலாம். சேமிப்புப் போத்தலிலிருந்து காலப்போக்கில் கொஞ்சம் ஆவியாவது இயல்பு, அதை விட்டுவிடுங்கள். முதல் வழியில் போவதைத்தான் வீட்டில் சரிசெய்யலாம். மற்ற இரண்டும் எங்கள் கைவேலை அல்ல. எந்த ஸ்பனரையும் எடுக்கும் முன் இதைப் பிரித்தறிய வேண்டும்.

சிறு ஒழுக்கு என்று அலட்சியம் செய்ய முடியாததற்குக் காரணம் அமுக்கம். வெறும் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ற் ஏறத்தாழ 106 பாகையில் கொதிக்கும். ரேடியேற்றர் மூடி உள்ளே 1.1 பார் அளவு மேலதிக அமுக்கத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் அது 125 பாகையையும் தாண்டுகிறது. ஊசித்துளை போன்ற ஒழுக்கு வெளியே விடுவது சில சொட்டுகளாக இருந்தாலும், கூடவே அமுக்கமும் போய்விடுகிறது. கோடை நாளில் 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகராமல் நிற்கும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, சேமிப்புப் போத்தலிலிருந்து கூலன்றைத் திரும்ப இழுக்கும். மூடியின் ரப்பர் பழுதானால், அல்லது ஹோஸில் கசிவு இருந்தால், கூலன்றுக்குப் பதில் காற்றை இழுக்கும். போத்தல் நிறைந்தே தெரியும், ரேடியேற்றரோ வெறுமையாகிக்கொண்டிருக்கும். ஆகவே போத்தலின் அளவை மட்டும் நம்பக் கூடாது. மூடியைத் திறந்தும் பார்க்க வேண்டும். ஆனால் எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே. சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிக்கும் திரவம் முகத்துக்கே பாயும். நாங்கள் இரவு விட்டு மறுநாள் காலையில்தான் திறப்போம்.

பைக்கை நிமிர்த்தி நிறுத்தி, போத்தலில் ஒட்டுநாடா ஒட்டிப் பேனாவால் அளவைக் குறியுங்கள். பக்கக் காலில் சாய்ந்து நின்றால் அளவு பொய் சொல்லும். ஒரு கிழமைக்கு நாள்தோறும் காலையில் பார்த்து, ஓடிய கிலோமீற்றரோடு சேர்த்து எழுதி வையுங்கள். அடியில் ஒரு வெள்ளை மட்டையை விரித்து வைத்தால், சொட்டு விழும் இடமும் நிறமும் அதில் பதியும். ஓடும்போது காற்று சொட்டைப் பின்னால் தள்ளும், ஆகவே ஈரம் தெரியும் இடம் ஒழுக்கு இருக்கும் இடமாக இருக்க வேண்டியதில்லை. பழைய அழுக்கைக் கழுவித் துடைத்துக் காயவிட்டு, ரோச் லைட் அடித்து, ஈரத்தின் மிக உயர்ந்த புள்ளியைத் தேடுங்கள். காய்ந்த கூலன்ற் வெள்ளையாக அல்லது மங்கிய பச்சையாகப் பொருக்குக் கட்டும். அந்தப் பொருக்கே பெரும்பாலும் வழிகாட்டி.

எங்கள் அனுபவத்தில் அதிகம் குற்றவாளியாவது ஹோஸ் கிளிப். ரொறன்ரோவில் சித்திரை மாதத்தில், குளிர்காலம் முழுவதும் நின்ற பைக்கை வெளியே எடுக்கும்போது இது நடக்கும். குளிரில் ரப்பர் விறைத்துச் சுருங்கும், கிளிப்பின் பிடி தளரும், காலையில் நாலு சொட்டு விழும். எஞ்சின் சூடானதும் ஒழுக்கு நின்றுவிடும். கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கே ஒன்றும் தெரியாது. திருகாணிக் கிளிப் என்றால் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். கூடுதலாக இறுக்கினால் கிளிப் ரப்பரை வெட்டும், அடியிலுள்ள பிளாஸ்ரிக் குழாயும் வெடிக்கலாம். ஹோஸை விரலால் அமுக்கிப் பாருங்கள். கல்லாக விறைத்திருந்தாலோ, பஞ்சுபோல் அமிழ்ந்தாலோ, முனையில் வெடிப்பு இருந்தாலோ கிளிப்பை இறுக்கிப் பயனில்லை, ஹோஸையே மாற்ற வேண்டும். புதியதைப் போடும்போது குழாயின் முனையில் உள்ள மேட்டைத் தாண்டி கிளிப் உட்கார வேண்டும். மேட்டின் மேல் உட்கார்ந்தால் முதல் நீண்ட பயணத்திலேயே வழுகும்.

அடுத்தது வடிகால் போல்ற். அதன் செம்பு அல்லது அலுமினிய வோஷர் ஒருமுறை நசுங்கியே அடைக்கும். பழையதையே திரும்பப் போடுவது சில சதங்களை மிச்சம் பிடிப்பதற்கு. அந்த மிச்சம் எங்களுக்கு விளங்குவதில்லை. போல்ற் சிறியது, அலுமினியத்தில் உட்காருகிறது. பெரும்பாலும் 10 முதல் 13 நியூட்டன் மீற்றர் இறுக்கமே போதும், மணிக்கட்டின் பலத்தோடு நிறுத்துங்கள். உங்கள் பைக்கின் கையேட்டில் சரியான எண் இருக்கும். ரேடியேற்றர் மூடியில் ரப்பர் வெடித்திருந்தால், மேலே பொறித்துள்ள அதே அமுக்க எண்ணுடன் புதியது வாங்குங்கள். கூடிய எண் நல்லது என்று நினைக்க வேண்டாம், அது பழைய ஹோஸ்களைச் சோதிக்கும்.

தண்ணீர்ப் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அங்கிருந்து சொட்டினால் துளையைப் பசை வைத்து அடைக்காதீர்கள். கூலன்றும் ஒயிலும் ஒன்றையொன்று சேராதபடி இரண்டு சீல்களுக்கு நடுவே வேண்டுமென்றே விட்ட துளை அது. கூலன்ற் வந்தால் பம்பின் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். துளையை அடைத்தால் அது ஒயிலுக்குள் போகும். காய்ந்த கறை மட்டும் இருந்தால் கவனித்து வரலாம், தொடர்ந்து சொட்டினால் சீலை மாற்றக் கொடுங்கள்.

கல் பட்டு ரேடியேற்றரில் ஊசித்துளை விழுந்தால், கூலன்றை வடித்து, இடத்தை மினுக்கித் துடைத்து, வெப்பம் தாங்கும் எபொக்சிப் பசை பூசி ஒரு நாள் காயவிடலாம். அது வேறு ரேடியேற்றர் கிடைக்கும்வரைதான். போத்தலில் விற்கும் ஒழுக்கு நிறுத்தும் மருந்துகளை நாங்கள் வாங்குவதில்லை. பைக்கின் ரேடியேற்றர் வழிகள் ஒடுக்கமானவை. துளையை அடைப்பது இந்த வழிகளையும் அடைக்கலாம்.

இனி நிரப்புவது. பழுது பார்த்ததும் ஊற்றி மூடினால் உள்ளே காற்று சிக்கும். சிலிக்கேற் கலக்காத, மோட்டார் சைக்கிளுக்கென்று எழுதிய கூலன்றை வாங்குங்கள். சிலிக்கேற் பம்பின் சீலைத் தேய்க்கும் என்பதால் யப்பானிய உற்பத்தியாளர்கள் அதைத் தவிர்க்கிறார்கள். நிறத்தைப் பார்த்து ஒன்றோடொன்று கலக்காதீர்கள், நிறத்துக்கு எந்த நியமமும் இல்லை. செறிவானது என்றால் காய்ச்சி வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி. அந்தக் கலவை ஏறத்தாழ −37 பாகைவரை உறையாது. கோடையில் வெறும் தண்ணீரால் நிரப்பியவர், தையில் பைக் கொட்டிலில் வெடித்த ரேடியேற்றரைக் காண்பார். மெதுவாக ஊற்றி, பைக்கை இருபக்கமும் சாய்த்து, மூடி திறந்தபடியே எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டால் குமிழிகள் வரும். மட்டம் இறங்க இறங்க ஊற்றி, சூடேறிப் பொங்க முன்னரே மூடுங்கள். பிறகு விசிறி சுழலத் தொடங்கும்வரை நின்ற இடத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். இதை வெளியே செய்யுங்கள். மூடிய கராஜில் காபன் மொனொக்சைட் சேரும், அதற்கு மணமில்லை.

கூலன்ற் குறைகிறது, ஆனால் மட்டையில் ஒரு சொட்டும் இல்லை என்றால் பயப்பட வேண்டிய நிலை அதுதான். ஒயில் பால் தேநீர் நிறமாக இருக்கிறதா, சூடான பின்னும் வெண்புகை இனிப்பு மணத்தோடு வருகிறதா, போத்தலில் குமிழி ஓயாமல் வருகிறதா என்று பாருங்கள். குளிரில் குறுந்தூரம் மட்டும் ஓடினால் ஒயில் பார்க்கும் கண்ணாடியில் கொஞ்சம் வெண்மை படியலாம், அது வெறும் ஈரப்பதன், நீண்ட ஓட்டத்தில் போய்விடும். போகாவிட்டால் பைக்கை ஓட்டாமல் ஏற்றிப் போங்கள்.

வெளியே ஒழுகும் பைக்கையும் "பக்கத்துக் கடைக்குத்தானே" என்று மகனை ஓட்டவிடாதீர்கள். கூலன்றில் உள்ள கிளைக்கோல் ரயரில் பட்டால் எண்ணெய்போல் வழுக்கும். பந்தயத் தடங்கள் பலவற்றில் கிளைக்கோல் கலந்த கூலன்றுடன் ஓட அனுமதி இல்லாததற்குக் காரணம் இதுவே.

வடித்த பழைய கூலன்றைப் புல்லிலோ தெரு வடிகாலிலோ ஊற்றக் கூடாது. எதிலீன் கிளைக்கோல் இனிப்பாக இருக்கும். நாயும் பூனையும் நக்கும், சிறு பிள்ளை குடித்தால் சிறுநீரகம் செயலிழக்கும், உயிரும் போகலாம். குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்காமல், அது வந்த கொள்கலனிலேயே ஊற்றி, மேலே பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ரொறன்ரோவில் மாநகரசபையின் கழிவு ஒப்படைப்பு நிலையங்கள் வீட்டு அபாயக் கழிவாக இதை ஏற்றுக்கொள்கின்றன. நாங்கள் பழைய பெயின்ற், பற்றரிகளோடு சேர்த்து ஒரே தடவையில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.