கொலு வீட்டுச் சுவருக்கும் சுதை அழகு

தில்லி முனிர்காவில் தமிழ்க் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்து வருகின்றன. நவராத்திரி வந்தால் கொலுப்படிகளின் கீழே பூங்காவும் தெப்பக்குளமும் ஊர்த் தெருவும் கொண்ட சிற்றுலகம் ஒன்று உருவாகும். அத்தெருவின் வீட்டுச் சுவர்களுக்குப் பாலிமர் களிமண்ணால் அணிவேலைப்பாடு செய்யும் முறையை இங்கே விளக்குகிறோம்.

இதற்கு முன்மாதிரி நம்மிடமே உண்டு. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் 2014-ஆம் ஆண்டு இடம்பெற்ற செட்டிநாட்டு ஊர்களின் மாளிகைகளில், சுண்ணாம்புச் சாந்தில் வடித்த சுதை வேலையைக் காணலாம். தில்லியிலும், லோதி தோட்டத்துப் படா கும்பத்தை அடுத்து 1494-இல் எழுந்த மசூதி, சாந்தில் செதுக்கிய கொடிகளாலும் எழுத்துகளாலும் நிறைந்தது. இவற்றை உற்று நோக்கினால் ஓர் உண்மை விளங்கும்: வேலைப்பாட்டைக் கண்ணுக்குக் காட்டுவது நிறமன்று, பள்ளத்தில் தங்கும் நிழலே. ஆகவே சிற்றுருவில் பள்ளங்களைச் சற்றே ஆழமாக அமைக்க வேண்டும்.

பாலிமர் களிமண் உண்மையில் மண் அன்று. பி.வி.சி. என்னும் நெகிழிப் பொடியுடன் அதை இளக்கும் திரவம் சேர்த்த பொருள் இது. காற்றில் உலர்ந்து இறுகாது, வெப்பத்தில்தான் இறுகும். சாதாரண மண்ணைப் போல் குறிப்பிடத்தக்க அளவு சுருங்காததால், நுண்ணிய வேலைக்கு ஏற்றது.

முதலில் அளவை முடிவு செய்க. பொம்மை வீடுகளுக்கு 12-இல் 1 பங்கு என்னும் அளவு பரவலாக உள்ளது. பத்தடிச் சுவர் 10 அங்குலமாகும். ஆறு அங்குல மேல்விளிம்புப் பட்டை அரை அங்குலமாகும்.

அடுத்தது மூலம். முழுப் பட்டையையும் செதுக்க வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப வரும் ஒரே அலகை, ஒரு தாமரை இதழையோ ஓர் அன்னத்தையோ, ஊசியும் பல்குச்சியும் கொண்டு பொறுமையாகச் செதுக்கிச் சுட்டெடுக்கவும். பக்கங்கள் வெளிப்புறமாகச் சற்றுச் சரிந்திருந்தால்தான் அச்சிலிருந்து எளிதில் கழலும். இரு பகுதிகளாகக் கிடைக்கும் சிலிக்கோன் புட்டியைச் சம அளவில் பிசைந்து மூலத்தின்மேல் அழுத்தி, இறுகியபின் பிரித்தால் அச்சு தயார். அச்சில் சிறிது சோளமாவு தூவி, நன்கு பிசைந்த களிமண்ணை அழுத்தி, அச்சை வளைத்துப் பிரதியை எடுக்கலாம். சுவர் மூலையில் சேரும் பட்டைகளின் முனைகளை 45 பாகையில் வெட்டினால் இடைவெளியின்றிப் பொருந்தும்.

சுடுவதில் மிகுந்த கவனம் தேவை. வெப்பநிலை பெரும்பாலும் 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். சரியான அளவையும் நேரத்தையும் உறையில் உள்ள குறிப்பின்படியே கொள்க. பட்டை வளையாதிருக்கத் தட்டையான ஓட்டின்மேல் காகிதம் விரித்து வைக்கவும். சிறிய ஓ.டி.ஜி. அடுப்புகளின் திருகு காட்டும் அளவை மட்டும் நம்பாமல், உள்ளே தனி வெப்பமானி ஒன்றை வைப்பது நலம். வெப்பம் மிகுந்து களிமண் கருகினால், கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும். முனிர்காவில் உள்ளவை போன்ற நெருக்கமான வீடுகளில் இது சிறு செய்தி அன்று. சன்னலைத் திறந்து வைத்து, அருகிலேயே இருந்து சுடுங்கள். புகை எழுந்தால் அடுப்பை அணைத்துவிட்டுக் குழந்தைகளுடன் வெளியேறுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு கூடாது. இவ்வேலைக்குப் பயன்படுத்திய தட்டும் கருவிகளும் மீண்டும் சமையலுக்குச் செல்லக் கூடாது.

ஆறியபின் நீர்தொட்ட உப்புத்தாளால் தேய்த்து, அக்ரிலிக் வண்ணத்தில் வெள்ளை பூசவும். அது உலர்ந்ததும் நீர்த்த பழுப்பு வண்ணத்தைத் தடவி, மேற்பரப்பை மட்டும் துடைத்தெடுத்தால், பள்ளங்களில் தங்கும் பழுப்பு பழைய சுதையின் தோற்றத்தைத் தரும். சிலவகைத் தெளிப்பு வண்ணங்கள் களிமண்ணைப் பிசுபிசுப்பாக்கிவிடும். உடைந்த துண்டொன்றில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

இக்கலையை வருவாயாக்க எண்ணுவோர் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும்: இத்தொழிலின் உண்மையான முதலீடு அச்சே. களிமண் தீர்ந்துவிடும், நல்ல அச்சு பல பருவங்களுக்கு உழைக்கும். கடையில் கிடைக்கும் ஆயத்த அச்சுகளில் பெரும்பாலும் ஐரோப்பிய இலைகளும் ரோசாக்களுமே உள்ளன. உங்கள் பாட்டனார் வீட்டு முகப்பில் இருந்த அன்னமோ மகர தோரணமோ எந்தக் கடையிலும் கிடைக்காது. அந்த வீடு கைமாறியிருந்தாலும், ஒரு பழைய புகைப்படம் இருந்தால் அதன் சுவரை மீண்டும் வடிக்கலாம். உங்கள் தனித்தன்மையும் அங்கேதான் உள்ளது.

நவராத்திரி விற்பனைக்கு ஆடியிலேயே வேலையைத் தொடங்குங்கள். பொருட்செலவுடன் உழைத்த மணிகளையும் எழுதி வைத்து, அதற்கேற்ப விலை குறியுங்கள். வரவு செலவுக்குத் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்குவது நன்று. சிறுதொழில்களுக்காக 2015-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் முத்ரா திட்டத்தில், சிசு பிரிவின்கீழ் ரூ. 50,000 வரை கடன் பெற வழியுண்டு. ஆயினும் முதல் சில வேலைகளைக் கைப்பொருளிலேயே முடித்து, வாங்குவோர் உண்டு என்று உறுதியான பின்னரே கடனை நாடுங்கள். மூலத்தைச் செம்மையாக்கியபின் பிரதி எடுப்பதுதான் தொழிலுக்கும் முறை.